நகரத் திருவிழாவும் நகரத் தொலைக்காட்சியும்

1948ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாற்றில் நகரத்தில் முதன்முறையாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. அன்று அமெரிக்க மக்கள் கொண்டாடும் நன்றி நவிலல் திருநாள். அந்நகரத்தவர் திரையிற் கண்ட முதற் காட்சி குடியரசுத் தலைவரின் உரையன்று. நியூயோர்க் அரங்கொன்றின் ஆடல் பாடலுமன்று. மேற்குச் சியாற்றில் மாணவரும், மலைத்தொடருக்கு அப்பாலுள்ள வெனாற்சி என்னும் ஊரின் மாணவரும் ஆடிய காற்பந்தாட்டமே அது. ஆறுக்கு ஆறு என்ற கணக்கில் வெற்றி தோல்வியின்றி முடிந்த அவ்வாட்டம் உலகப் பிரசித்தி பெற்றதன்று. ஆயினும், ஆடியவர்கள் இன்னார் வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தவர்களுள் பலர் அறிந்திருந்தனர். தொலைக்காட்சி அந்நகரத்துக்கு வந்த முதல் நாளிலேயே, அது அந்நகரத்தின் முகத்தையே அந்நகரத்துக்குக் காட்டிற்று.

இவ்வாறு பிறந்த உள்ளூர்த் தொலைக்காட்சி, பின்னர் அந்நகரத்தின் திருவிழாக்களோடு எவ்வாறு இணைந்தது, எக்காரணங்களால் அவற்றினின்றும் படிப்படியாக விலகிற்று என்பது ஆராயத்தக்க வரலாறாகும். ஐக்கிய அமெரிக்காவின் நகரங்கள் பலவற்றில் இதே கதை வெவ்வேறு பெயர்களோடு நிகழ்ந்துள்ளது. சியாற்றிலில் அதன் தொடக்கமும் வளர்ச்சியும் தேய்வும் தெளிவாக விளங்குவதால், அந்நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் பொருந்தும்.

முதலில் சட்டத்தின் நிலையை அறிதல் வேண்டும். இங்கிலாந்திலே ஒலிபரப்பு நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் வளர்ந்தது. அமெரிக்காவோ வேறு வழியிற் சென்றது. அங்கே தனியார் நிலையங்களை நடத்தலாம், இலாபமும் ஈட்டலாம், ஆனால் வானலைகள் அவர்களுக்குச் சொந்தமல்ல. அவை பொதுமக்களின் உடைமை. 1934ஆம் ஆண்டின் தொடர்புச் சட்டம், பொதுமக்களின் நலன், வசதி, தேவை ஆகியவற்றுக்கு இணங்க நடப்பவருக்கே அநுமதிப்பத்திரம் வழங்கப்படும் என்று விதித்தது. அப்பத்திரமும் நிரந்தரமானதன்று. நெடுங்காலம் அதன் ஆயுள் மூன்று ஆண்டுகளே. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலையத்தார் மத்திய தொடர்பு ஆணைக்குழுவின் முன் சென்று, தாம் தம் ஊருக்கு ஆற்றிய பணி யாது என்று கணக்குக் காட்டவேண்டியிருந்தது.

அவ்வாணைக்குழு 1952ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திற் செய்த பங்கீடு இக்கொள்கையை நன்கு விளக்கும். சில பெரிய நிலையங்களை உயர்ந்த கோபுரங்களிலிருந்து நாடெங்கும் ஒளிபரப்ப விட்டிருப்பின் செலவு குறைந்திருக்கும். அதனை விடுத்து, 1,291 ஊர்களுக்கு 2,053 அலைவரிசைகளைப் பிரித்து ஒதுக்கியது ஆணைக்குழு. சிற்றூருக்கும் தனக்கென ஒரு குரல் இருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கை விளக்கத்தில், பொதுநலனுக்கு உகந்த நிகழ்ச்சிகளுக்கு உரியனவாகப் பதினான்கு கூறுகளை அது எண்ணிக் காட்டியது. உள்ளூர் மக்கள் தம்மைத் தாமே வெளிப்படுத்துவதற்கு வாய்ப்பளித்தல் அவற்றுள் முதலாவது. உள்ளூர்க் கலைஞரை வளர்த்துப் பயன்படுத்தல் இரண்டாவது. ஆகவே, நகரத்தின் விழாவொன்றைத் தொலைக்காட்சி நிலையம் காட்டியது பெருந்தன்மையினால் மட்டுமன்று. பொதுமக்களின் அலையிற் குடியிருப்பதற்கு அது செலுத்திய வாடகையும் அதுவே.

சட்டம் ஒருபுறமிருக்க, நிலையத்தை உடையவர் யார் என்பதும் முக்கியமாயிற்று. காற்பந்தாட்டத்தோடு பிறந்த சியாற்றில் நிலையத்தை 1949ஆம் ஆண்டில் டொறதி ஸ்ரிம்சன் புலிற் என்னும் அம்மையார் 3,75,000 டொலருக்கு வாங்கினார். மரவாணிபத்தாற் செல்வமடைந்த சியாற்றிற் குடும்பமொன்றில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1932இற் கணவரை இழந்தபின், குடும்பத்தின் சொத்துக்களைத் தாமே நிருவகித்துத் தேர்ச்சி பெற்றவர். நிலையத்துக்குக் 'கிங்' என்று பெயரிட்டார். சியாற்றில் அமைந்துள்ள மாவட்டத்தின் பெயரும் கிங் என்பதே. அக்காலத்திலே தொலைக்காட்சியை வாங்குதல் துணிவான செயல். பெட்டிகளை உடைய வீடுகள் சிலவே. கிழக்குக் கரையின் நிகழ்ச்சிகளை மேற்குக் கரைக்கு நேரே கொண்டுவரும் தொடர்பு 1951ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான் அமைந்தது. அதுவரையில், கையிலுள்ள நேரத்தை நிரப்புவதற்கு நிலையம் தன் ஊரையே நாடவேண்டியிருந்தது.

இதனோடு மற்றொரு தற்செயலும் சேர்ந்தது. அலைவரிசைகளைப் பங்கிடும் முறை முடிவாகும்வரையில், 1948 செப்டெம்பர் முதல் 1952 ஏப்பிரில் வரை, புதிய நிலையங்களுக்கு அநுமதி வழங்குவதை ஆணைக்குழு நிறுத்திவைத்தது. அந்த இடைக்காலத்திலே பசிபிக் வடமேற்குப் பகுதி முழுவதற்கும் கிங் ஒன்றே தொலைக்காட்சி நிலையமாக விளங்கியது. ஊரிற் பெட்டி வைத்திருந்த அனைவரும் ஒரே திரையையே பார்த்தனர். அச்சமயத்திலேதான் அந்நகரத்தின் பெருந் திருவிழாவும் பிறந்தது.

வெள்ளையர் குடியேற்றத்தின் முதற் கூட்டத்தார் அல்கைக் கரையில் வந்திறங்கியது 1851ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில். அதன் நூற்றாண்டு நெருங்கிய வேளையில், நகரத்து வணிகரும் பிரமுகரும் கூடி 1950ஆம் ஆண்டு கோடைகாலத்தில் 'சீஃபேர்' என்னும் கடல்விழாவைத் தொடக்கினர். ஊர்வலம், இராணி தெரிவு, கடற்கொள்ளைக்காரர் வேடந் தாங்கியோர் கரையிறங்கும் வேடிக்கை, நீர் விளையாட்டுக்கள் என்று அது பல அங்கங்களை உடையதாயிற்று. ஆயினும் அவ்விழாவுக்கு உயிர் கொடுத்தது ஒரு படகே.

அப்படகின் பெயர் 'ஸ்லோ-மோ-ஷன்' நான்காம் இலக்கம். மந்தகதி என்று பொருள்படும் சொல்லை விளையாட்டாகச் சிதைத்து இட்ட பெயர். ஸ்ரான் செயர்ஸ் என்னும் மோட்டார்க் கார் வணிகர் அதன் உரிமையாளர். ரெட் ஜோன்ஸ் வடிவமைத்தவர். அங்கர் ஜென்சன் கட்டியவர். மூவரும் சியாற்றில்வாசிகள். நீரைக் கிழித்துச் செல்லாது, நீரின் மேல் எழுந்து சறுக்கிச் செல்லும் வகையைச் சேர்ந்தது அப்படகு. 1950ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடி உலக சாதனையை நிலைநாட்டியது. அதே கோடையில் டெற்றொயிற் நகரத்துக்குச் சென்று, அங்கு நடைபெற்ற தங்கக் கிண்ணப் போட்டியில் வென்றது. வென்றவரின் ஊரிலே மறு ஆண்டுப் போட்டி நடைபெறும் என்பது அக்காலத்து விதி. எனவே 1951ஆம் ஆண்டில் தங்கக் கிண்ணம் சியாற்றிலுக்கு வந்தது.

கூடைப்பந்து, அடிபந்து முதலிய ஆட்டங்களிலே நாட்டின் முதல்தரக் குழு எதுவும் அந்நாளில் சியாற்றிலுக்கு இருக்கவில்லை. கிழக்கத்திய பெருநகரங்களால் ஒதுக்குப்புறமென்று எண்ணப்பட்ட ஊர் அது. அவ்வூரின் கைவினைஞர் கட்டிய படகு, மோட்டார்த் தொழிலின் தலைநகராகிய டெற்றொயிற்றைத் தோற்கடித்தமை மக்களுக்கு எத்தகைய பெருமிதத்தை அளித்திருக்கும் என்று கூறவேண்டியதில்லை. 1950 முதல் 1954 வரையுள்ள ஐந்து ஆண்டுகளிலும் தங்கக் கிண்ணத்தை ஸ்லோ-மோ-ஷன் படகுகளே வென்றன. மரத்துண்டுகளைப் படகுருவாகச் செதுக்கி, வர்ணம் பூசி, துவிச்சக்கர வண்டியின் பின்னே கயிற்றாற் கட்டித் தெருத்தெருவாக இழுத்துச் செல்லுதல் அந்நகரத்துச் சிறுவரின் கோடைகால விளையாட்டாயிற்று.

1951ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஏரிக்கரையிலே நடந்த அப்போட்டியைக் கிங் நிலையம் நேரே ஒளிபரப்பியது. அன்று நிகழ்ந்ததொன்று அந்நகரத்தவர் நினைவில் நெடுங்காலம் நிலைத்தது. போட்டியின் நடுவே 'குவிக்சில்வர்' என்னும் படகு கவிழ்ந்து மூழ்கியது. அதிலிருந்த இருவரும் மாண்டனர். வருணனை செய்துகொண்டிருந்த பில் ஓமாறா, தம் தொழில் வார்த்தைகளையெல்லாம் மறந்து, கிறித்தவர் ஓதும் கர்த்தர் செபத்தை ஒலிவாங்கியின் முன்னே ஓதினார். பெரிய நிறுவனத்தின் கட்டளைப் புத்தகத்தில் இத்தகைய செயலுக்கு இடமிராது. வீட்டிலிருந்து பார்த்தவர்களோடு ஓமாறாவும் ஊரவராக நின்ற நேரம் அது. ஒரு நகரம் முழுவதும் ஒரே கணத்தில் ஒரே துயரைக் கண்டு ஒரே மன்றாட்டிற் கலந்துகொண்டது. உள்ளூர்த் தொலைக்காட்சி என்பதன் பொருளை அந்நிகழ்ச்சியைப் போல விளக்க வேறொன்றில்லை.

பின்னர் நிலையங்கள் பெருகின. 1953ஆம் ஆண்டு டிசெம்பரில் 'கோமோ' நிலையம் தோன்றியது. அதனை நடத்தியவர்கள் சியாற்றிலில் மாவாலை வைத்திருந்த ஃபிஷர் குடும்பத்தினர். 1958ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'கைரோ' நிலையம் தோன்றியது. நிலையங்கள் மூன்றாகியதும் விழாவைக் காட்டுவதிலே போட்டி மூண்டது. மூன்று நிலையங்களும் தத்தம் கமராக்களை ஏரிக்கரையில் நிறுத்தி, ஒரே பந்தயத்தை ஒரே வேளையில் ஒளிபரப்பிய ஆண்டுகளும் இருந்தன. திரையில் எந்தப் பக்கம் திருப்பினும் ஏரியே தெரிந்தது. வீண்செலவு என்று இன்றைய கணக்காளர் அதனைக் கூறக்கூடும். ஆனால், ஊர்த் திருவிழாவுக்கு உபயகாரர் மூவர் முன்வந்து நிற்கும்போது, ஒருவர் போதுமே என்று ஊரார் சொல்வதில்லை. தம் பங்கை விட்டுக்கொடுத்தால் ஊரில் மதிப்பிழக்க நேரும் என்ற எண்ணம் மூன்று நிலையத்தாரிடமும் இருந்தது.

விழா நாள்களில் மட்டுமன்றி, ஏனைய நாள்களிலும் நிலையங்கள் ஊரோடு ஒட்டியிருந்தன. கைரோ நிலையம் தொடங்கிய காலந்தொட்டு 1981 வரையில், ஜே.பி. பச்சஸ் என்னும் கோமாளி வேடத்தில் கிறிஸ் வீட்ஸ் என்பார் சிறுவர் நிகழ்ச்சியை நடத்தினார். குப்பைமேட்டு நகரத்தலைவர் என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். தலைமுறை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுவர் அவரைக் கண்டு வளர்ந்தனர். கிங் நிலையத்திலே ஸ்ரான் போர்சன் என்பார் ஸ்கந்திநேவியக் குடியேறிகளின் பேச்சையும் பாட்டையும் நகைச்சுவையோடு வழங்கினார். மீனவரும் மரத்தொழிலாளருமாக அந்நகரத்துக்கு வந்து பலார்ட் பகுதியிற் குடியேறிய நோர்வீஜியரும் சுவீடியரும் தம் பாட்டன் பாட்டியரின் குரலை அந்நிகழ்ச்சியிற் கேட்டனர்.

ஆயினும், அக்காலத்தைப் பொற்காலமென்று குறையின்றிப் போற்றுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. சீஃபேர் விழாவின் அரவணைப்பில் நகரத்துச் சமூகங்கள் பலவற்றின் விழாக்களும் அடங்கின. சீனர் வாழும் பகுதியின் ஊர்வலம் அவற்றுள் ஒன்று. யப்பானியர் தம் முன்னோரை நினைந்து ஆடும் 'பொன் ஒடோரி' மற்றொன்று. 1932ஆம் ஆண்டில் சியாற்றிலில் ஆரம்பமாகிய இவ்வாடல், 1942ஆம் ஆண்டில் யப்பானிய வமிசத்தவர் அனைவரும் தம் வீடுகளினின்றும் அகற்றப்பட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டபோது நின்றுபோயிற்று. போர் முடிந்து திரும்பியவர்கள் அதனை மீண்டும் தொடங்கினர். பத்தாண்டுகளுக்கு முன் பகைவரென்று துரத்தப்பட்டவர்களின் ஆடல், நகரத்தின் பொதுவிழாவில் இடம்பெறுதல் சிறிய செய்தியன்று. எனினும், கமராக்கள் ஏரியையும் நகரின் நடுத்தெருவையும் நாடிய அளவுக்கு இத்தகைய ஒதுக்குப்புறத் தெருக்களை நாடவில்லை. உள்ளூர்த் தொலைக்காட்சி செலுத்திய வாடகை எல்லாத் தெருக்களுக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இனி, தேய்வின் காரணங்களை நோக்கலாம். முதலாவது காரணம் விழாவின் உள்ளேயே இருந்தது. 1967ஆம் ஆண்டிற் கூடைப்பந்துக் குழுவும், 1976இற் காற்பந்துக் குழுவும், 1977இல் அடிபந்துக் குழுவும் நகரத்துக்கு வந்தன. ஆண்டுக்கு ஒருமுறை ஏரியில் ஓடும் படகுகளில் நகரத்தவர் வைத்திருந்த பெருமிதம், மாதந்தோறும் மைதானத்தில் ஆடும் குழுக்களுக்குப் பங்கிடப்பட்டது. நகரத்துக்குப் புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு ஸ்லோ-மோ-ஷன் என்பது பழங்கதை.

இரண்டாவது காரணம் சட்டத்தின் தளர்ச்சி. 1981ஆம் ஆண்டில் தொலைக்காட்சி அநுமதிப்பத்திரத்தின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாயிற்று. 1996ஆம் ஆண்டில் எட்டு ஆண்டுகளாயிற்று. ஊரின் தேவைகள் யாவை என்று ஊர்த்தலைவரையும் மக்களையும் கேட்டறிந்து பதிவுசெய்தல் வேண்டும் என்றிருந்த விதியை 1984ஆம் ஆண்டில் ஆணைக்குழு நீக்கியது. உள்ளூர் நிகழ்ச்சிகள் குறைந்தது இவ்வளவு இருத்தல் நன்று என்ற அளவுகோலும் அதே ஆண்டில் அகன்றது. அப்போது ஆணைக்குழுவின் தலைவராயிருந்த மார்க் ஃபவுளர், தொலைக்காட்சியும் வீட்டிலுள்ள ஏனைய மின்சாதனங்களைப் போன்றதே, படங்காட்டும் பாண் வாட்டியே என்று கூறியமை பிரசித்தமானது. மக்கள் விரும்புவதைச் சந்தையே கொடுக்கும். சட்டம் தலையிடவேண்டியதில்லை என்பது அவர் தரப்பு வாதம். அவ்வாதத்தில் உண்மை அறவே இல்லையென்று சொல்வதற்கில்லை. விதிக்காகச் செய்யப்பட்ட உள்ளூர் நிகழ்ச்சிகளுட் பல, யாரும் பார்க்காத வேளையில், யாருக்கும் சுவைக்காத வகையில் ஒளிபரப்பாயின. ஆனால், பாண் வாட்டுஞ் சாதனம் எந்த நகரத்திலிருந்தாலும் ஒன்றே. ஒரு நகரத்தின் தொலைக்காட்சி அவ்வாறன்று என்ற எண்ணமே 1952ஆம் ஆண்டின் பங்கீட்டுக்கு அடிப்படையாயிருந்தது.

மூன்றாவது காரணம் உடைமை மாறியமை. ஒருவர் நாடு முழுவதிலும் ஏழு தொலைக்காட்சி நிலையங்களுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது என்பது ஐம்பதுகளில் விதிக்கப்பட்ட வரம்பு. எண்பதுகளின் நடுப்பகுதியில் அது பன்னிரண்டாக உயர்ந்தது. 1996ஆம் ஆண்டின் சட்டம் எண்ணிக்கை வரம்பையே நீக்கி, நாட்டின் வீடுகளில் 35 வீதத்தை எட்டலாம் என்றது. 2004ஆம் ஆண்டில் அது 39 வீதமாயிற்று. வரம்பு உயர உயர, ஊர்க் குடும்பங்கள் விற்றன. தூரத்து நிறுவனங்கள் வாங்கின.

புலிற் அம்மையார் 1989ஆம் ஆண்டில் 97 வயதிற் காலமானார். அவர் புதல்வியர் இருவரும் நிலையத்தை விற்கத் தீர்மானித்தனர். அவர்களுக்கு விற்பனையாற் கிடைத்த செல்வத்திற் பெரும்பகுதி வடமேற்குப் பகுதியின் காடுகளையும் நீர்நிலைகளையும் காக்கும் தரும நிதிக்குச் சென்றது. அவ்வகையில் ஊருக்குரியது ஊருக்கே திரும்பியதெனலாம். நிலையமோ ஊரை விட்டகன்றது. 1992ஆம் ஆண்டில் அது நாட்டின் மறுகோடியிலுள்ள புறொவிடென்ஸ் நகரத்துப் பத்திரிகை நிறுவனத்தின் வசமாயிற்று. 1997இல் டலஸ் நகரத்து பீலோ நிறுவனமும், 2013இல் வேர்ஜீனியாவிலிருந்த கனற் நிறுவனமும் அதனைப் பெற்றன. 2015இல் கனற் பிரிந்தபோது, ரெக்னா என்ற புதுப்பெயருடைய நிறுவனத்துக்கு அது உரியதாயிற்று. கைரோ நிலையம் 1995இல் பீலோவுக்கும், 1997இல் அட்லாண்டா நகரத்துக் கொக்ஸ் நிறுவனத்துக்கும் கைமாறி, 2019ஆம் ஆண்டின் இறுதியில் முதலீட்டு நிறுவனமொன்றின் ஆதிக்கத்துள் வந்தது. ஃபிஷர் குடும்பத்தாரின் நிறுவனம் 2013ஆம் ஆண்டிற் கோமோவையும் ஏனைய நிலையங்களையும் மேரிலண்டிலுள்ள சிங்கிளேயர் நிறுவனத்துக்கு விற்றது. ஐம்பதுகளில் மாவாலைக்காரரும் மரவணிகர் மகளும் ஏரிக்கரையில் அருகருகே கமராக்களை நிறுத்திப் போட்டியிட்ட நகரத்தில், அறுபது ஆண்டுகளுக்குப்பின் அம்மூன்று நிலையங்களுள் ஒன்றேனும் அந்நகரத்தவர் வசம் இல்லை.

தூரத்து உரிமையாளர் தீயவர் என்பது இதன் கருத்தன்று. அவர்களுடைய கணக்கு வேறு. நேரே ஒளிபரப்பும் திருவிழாவுக்கு வண்டிகள் வேண்டும். கமராக்கள் பல வேண்டும். தொழிலாளர் பலர் வேண்டும். ஓரிடத்தில் தயாரித்து நாடெங்கும் விற்கப்படும் வினாவிடைப் போட்டியையோ பேட்டியையோ வாங்கிப் போடுதல் இலகு. ஐம்பது நிலையங்களை உடையவருக்கு ஒரு நகரத்தின் ஊர்வலம் ஒன்றுக்கு ஐம்பது பங்கு. அந்நகரத்தில் வாழ்பவருக்கோ அது முழுப்பங்கு. புலிற் அம்மையார் விழாவைக் காட்டாது விட்டிருப்பின், மறுநாள் கடைத்தெருவிலே அதற்கு மறுமொழி கூறவேண்டியிருந்திருக்கும். ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள பங்குதாரரை அவ்வாறு கேட்பார் எவருமில்லை.

விளைவுகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. மூன்று நிலையங்கள் போட்டியிட்டுக் காட்டிய படகோட்டத்தைப் பிற்காலத்திற் பல ஆண்டுகள் கைரோ மட்டுமே தொடர்ந்து காட்டியது. 1981இல் ஜே.பி. பச்சஸ் நிகழ்ச்சி முடிந்தது. நகரத்தின் ஒவ்வொரு பகுதியையும் பெயர் சொல்லிக் கேலி செய்து மகிழ்வித்த கிங் நிலையத்தின் நகைச்சுவை நிகழ்ச்சி 1984 முதல் 1999 வரை நடந்து நின்றுபோயிற்று. நிலையத்தின் பிரதான கலையகம் அது பணிசெய்யும் ஊருக்கு அணித்தாக இருத்தல் வேண்டும் என்ற பழைய விதியை 2017ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஆணைக்குழு இரத்துச் செய்தது. 2018ஆம் ஆண்டு வசந்த காலத்தில், சிங்கிளேயர் நிறுவனத்தின் நிலையங்கள் பலவற்றில், ஊர் ஊராகச் செய்தி வாசிப்போர் தலைமையகம் எழுதியனுப்பிய ஒரே வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் வாசித்தனர். கோமோ நிலையத்தாரும் அதனை வாசித்தனர். 1951இல் ஏரிக்கரையில் ஓமாறா எவரும் எழுதிக்கொடாத மன்றாட்டை ஓதியதையும், இதனையும் ஒப்பிடுவோருக்கு வேறுபாடு விளங்கும்.

மறுபக்கத்தையும் கூறுதல் நடுநிலைமையாகும். இந்நிலையங்கள் அறவே ஊரை மறந்துவிடவில்லை. செய்திக்கு ஒதுக்கும் மணிநேரம் பழைய காலத்தினும் மிகுந்துள்ளது. புயலும் பூமியதிர்ச்சியும் நேரும்போது மக்கள் இன்னும் அவற்றையே நாடுகின்றனர். 1962ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட 'ஸ்பேஸ் நீடில்' என்னும் ஊசிக்கோபுரத்திலே புத்தாண்டு இரவில் நடைபெறும் வாணவேடிக்கையைக் கிங் நிலையம் பல ஆண்டுகளாக ஒளிபரப்பி வந்துள்ளது. ஆனால், செய்தியில் விழா தோன்றும் முறை வேறு. பகல் முழுவதும் நடந்த ஊர்வலம், விபத்துச் செய்திக்கும் வானிலைக்கும் இடையே ஓரிரு நிமிடத் துணுக்காகச் சுருங்குகின்றது. விழா நடந்தது என்று அறிவிப்பது வேறு; விழாவில் இருக்கச் செய்வது வேறு.

இணையம் வந்துவிட்டதே, விழாக்குழுவினர் தாமே கைத்தொலைபேசி கொண்டு காட்சிகளை உலகுக்கு அனுப்பலாமே என்பர் சிலர். அனுப்புகின்றனர்; தூரதேசத்திலுள்ள உறவினரும் காண்கின்றனர். இது பெரும் பேறே. எனினும் அக்காட்சியைத் தேடிச் செல்பவர் பெரும்பாலும் அவ்விழாவை ஏற்கெனவே அறிந்தவர். பலார்ட் பகுதி மீனவர் வீட்டிலே, வேறொன்றுக்காகப் பெட்டியைத் திறந்தவர் முன்னே, எதிர்பாராத வகையில் யப்பானிய மங்கையரின் ஆடல் தோன்றும் வாய்ப்பு அதிற் குறைவு. ஒரு சமூகத்தின் விழாவை அச்சமூகம் காணுதல் எளிது. பக்கத்துத் தெருவிலுள்ள மற்றைச் சமூகமும் காணும்போதே அது நகரத்தின் விழாவாகின்றது. உள்ளூர்த் தொலைக்காட்சி நன்றாகப் பணிசெய்த நாள்களில் ஆற்றிய அரிய தொண்டு இதுவே. அது முழுமையாக ஆற்றப்படாத தொண்டு என்பதும் மேலே கூறப்பட்டது. முழுமையடையுமுன்பே கைவிடப்பட்டமைதான் வருந்தத்தக்கது.

இழப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. ஆரம்ப ஆண்டுகளின் நேரடி ஒளிபரப்புக்களைப் பதிந்துவைப்பதற்கு ஒளிநாடா இருக்கவில்லை. அது வழக்குக்கு வந்தது 1956ஆம் ஆண்டிலே. வந்தபின்னும் அதன் விலை மிகுதியால், ஒரு நாடாவையே அழித்தழித்துப் பலமுறை பயன்படுத்துவது நிலையங்களின் வழக்கமாயிற்று. எனவே ஒரு நகரம் தன்னைத் தான் கண்ட காட்சிகளுட் பெரும்பாலன காற்றோடு போயின. ஸ்லோ-மோ-ஷன் படகு இன்று சியாற்றில் நகரத்து வரலாற்று, கைத்தொழில் நூதனசாலையின் மண்டபத்திலே தொங்குகின்றது. ஜே.பி. பச்சஸ் கோமாளிக்கு 2008ஆம் ஆண்டில் ஃபிறீமொன்ற் பகுதியிலே வெண்கலச் சிலை எழுப்பினர். அதற்குப் பொருள் உதவியவர்கள் அவரைத் திரையிற் கண்டு வளர்ந்த மக்கள். படகு உள்ளது, சிலை உள்ளது, அவற்றை ஊர் முழுவதும் ஒருங்கே கண்ட அந்தக் கண்களே அரிதாயின.

கொள்ளைநோய் காரணமாக 2020ஆம் 2021ஆம் ஆண்டுகளில் ஏரியிற் படகோட்டம் நடைபெறவில்லை. 2022ஆம் ஆண்டிற் படகுகள் மீண்டும் ஏரிக்கு வந்தன. மக்களும் கரைக்கு வந்தனர். பொன் ஒடோரி ஆடுவோர் போருக்கும் முகாமுக்கும் பின்னே மீண்டும் ஆடியது போலவே, விழாக்கள் தம்மைக் காட்டுவார் இன்றியும் வாழ வல்லவை. தொலைக்காட்சிக்கு முன்பும் அவை இருந்தன; பின்பும் இருக்கும். ஆகவே, இவ்வரலாற்றில் விழாவின் கதியைப் பற்றி அஞ்சவேண்டியது குறைவு. நிலையத்தின் கதியே எண்ணத்தக்கது. ஊரின் அலையில் ஒளிபரப்பி, ஊரின் பெயரைச் சொல்லி, ஊரவரின் விழாவுக்கு மட்டும் வராதிருக்கும் நிலையம் எந்த உரிமைகொண்டு அவ்வூரினது எனப்படும் என்ற வினா எஞ்சுகின்றது. 1934ஆம் ஆண்டின் சட்டம் அவ்வினாவை மூன்றாண்டுக்கு ஒருமுறை கேட்பதற்கு வழி வகுத்தது. இன்று அது எட்டாண்டுக்கு ஒருமுறையே கேட்கப்படுகின்றது. வானலை யாருடையது என்ற சட்டத்தின் சொல் மாறவில்லை. வாடகை கேட்பாரே குறைந்துபோயினர். அதனைக் கேட்கும் உரிமை அந்நகரத்து மக்களிடம் இன்னும் இருந்துகொண்டேயிருக்கின்றது.